வீட்டு வண்டியெல்லாம் மின்சார வண்டியா? முதலில் மீட்டர் பெட்டியைப் பாருங்கள்



ஒரு காலத்தில் நம் கிணற்று மேட்டில் ஆயில் என்ஜின் ஓடியது. பிறகு கரண்டு மோட்டார் வந்தது. புகை போச்சு, டீசல் செலவும் போச்சு. ஆனால் ஒயர் சரியில்லாத இடத்தில் காயில் கருகியதையும் பார்த்தோம். அதே மாற்றம் இப்போது தெருவுக்கு வந்திருக்கிறது. 2025 ஜூன் 30-ஆம் தேதி வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கின. ‘நம் வீட்டுக் கார், ஸ்கூட்டர் எல்லாத்தையும் மாத்திடலாமா?’ என்று ராயபுரம் முதல் எண்ணூர் வரை கேட்கிறார்கள். மாற்றலாம். ஆனால் வண்டி வாங்கப் போகுமுன் மீட்டர் பெட்டியைப் பாருங்கள்.

நடுத்தரக் கார் ஒரு யூனிட்டில் சுமார் 6 அல்லது 7 கிலோமீட்டர் ஓடும். மாதம் 1,000 கிலோமீட்டருக்குச் சுமார் 150 யூனிட். இரண்டு கார் என்றால் இரண்டு மாத பில்லில் 600 யூனிட் கூடும். உபயோகம் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும். அப்படியும் பெட்ரோல் செலவில் பாதிகூட ஆகாது.

ஸ்கூட்டருக்கு நல்ல எர்த் உள்ள பிளக் போதும். கார் சார்ஜர் 7 கிலோவாட் வரை இழுக்கும். 5 குதிரைசக்தி பம்புசெட்டு இரண்டு சேர்ந்து ஓடுவது போல. ஆகவே மின்வாரியத்தில் எழுதிக் கொடுத்துக் கூடுதல் லோடு வாங்குங்கள். தனி ஒயர், மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்சு இரண்டும் அவசியம். இரண்டு கார்களையும் ஒருநாள் விட்டு ஒருநாள் சார்ஜில் போடுங்கள். நம்முடையது உப்புக் காற்று. பிளக் முள்ளில் பச்சை பூத்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

அடுத்தது வெள்ளம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பகுதி வீடுகளுக்குள் வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்தது. தண்ணீர் ஏறிய உயரத்துக்கு மேலேதான் சார்ஜரை மாட்ட வேண்டும். புயல் செய்தி வந்ததும், கரண்டு இருக்கும்போதே சார்ஜ் ஏற்றி, வண்டியை மேட்டில் நிறுத்துங்கள். வெள்ளத்தில் நின்ற வண்டியைக் கிளப்பாதீங்க, சார்ஜிலும் போடாதீங்க. கம்பெனி மெக்கானிக் பார்க்கட்டும். முதலில் ஸ்கூட்டரை மாற்றுங்கள், பிறகு தினமும் ஓடும் காரை. கடைசிப் பெட்ரோல் வண்டியை ஓர் ஐப்பசி, கார்த்திகை மழை கழித்து விற்கலாம். நடு ராத்திரியில் பிரசவ வலி என்றால் ஒரு வண்டியாவது ஓட வேண்டுமே!

‘புகை அடியோடு போயிடுமா?’ என்பீர்கள். தெருவில் போகும். ஆனால் அத்திப்பட்டு அனல் மின் நிலையம் எரிப்பது நிலக்கரி. அந்தச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தை என்ன செய்தது என்று அங்கே வலை வீசுகிறவர்களைக் கேளுங்கள். நம் வாசலில் குறைந்த புகை அவர்கள் வாசலில் இறங்கக் கூடாது. சொந்த மாடி இருந்தால் 3 கிலோவாட் சூரியத் தகடு போடுங்கள். வெயில் நாளில் சுமார் 12 யூனிட் கிடைக்கும். இரண்டு கார்களுக்கு நாளொன்றுக்குத் தேவை 10 யூனிட்தான். 2024-இல் மத்திய அரசு இதற்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவித்தது. மின்வாரிய அலுவலகத்தில் விவரம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாற்றங்காலைச் சீர்படுத்திவிட்டு விதை தெளிப்பவர்கள் நாம். இதிலும் அப்படியே செய்யுங்கள்.