இரண்டு தழும்புகளும் ஒரு சுழியமும்
(குறுவள மையக் கூட்டத்தில் அறிவியல் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



முப்பது ஆண்டுகளுக்கு முன்பு என் அம்மாவுக்குப் பித்தப்பையில் கல். அறுவை சிகிச்சை முடிந்து பத்து நாள் மருத்துவமனையில் இருந்தார். இரண்டு மாதம் குடம் தூக்கவில்லை. விலாவுக்குக் கீழே ஒரு சாண் நீளத் தழும்பு இன்றும் இருக்கிறது. சென்ற ஆண்டு எனக்கும் அதே கல். நான்கு சிறு துளைகள் மட்டும் போட்டார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன். இந்த இரண்டு தழும்புகளுக்கும் இடையில் என்னதான் நடந்தது என்று தேடிப் படித்தேன். நாம் நடத்தும் பாடங்களே அதில் இருந்தன.

1901இல் ஜெர்மனியின் கெல்லிங் ஒரு நாயின் வயிற்றைக் காற்றால் விரித்து, குழாய் வழியே உள்ளே பார்த்தார். 1910இல் ஸ்வீடனின் யாகோபேயஸ் மனிதர்களிடம் அதைச் செய்தார். ஆனால் வெளிச்சம் போதவில்லை. குழாயின் நுனியில் பல்பு வைத்தால் சூடு உள்ளுறுப்பைச் சுட்டுவிடும். 1954இல் ஹாப்கின்ஸ் என்பவரும், பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கற்றை வழியே பிம்பத்தை அனுப்பிக் காட்டினார்கள். அதன் பிறகு விளக்கு வெளியே நின்றது, ஒளி மட்டும் உள்ளே போனது. நாம் கரும்பலகையில் வரையும் முழு அக எதிரொளிப்புதான் இது.

வயிற்றை விரிக்க இப்போது ஏன் கார்பன் டை ஆக்சைடு? மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அது எரியாது. இரத்தத்தில் எளிதில் கரைந்து நுரையீரல் வழியே வெளியேறிவிடும். கருவியின் பிடியை வலப்பக்கம் அசைத்தால் நுனி இடப்பக்கம் போகும். துளைதான் ஆதாரப்புள்ளி. நெம்புகோல் பாடத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

இனி, என்னை உறுத்திய பகுதிக்கு வருகிறேன்.

1980இல் கீல் நகரின் மகப்பேறு மருத்துவர் குர்ட் செம், துளை வழியே குடல்வாலை அகற்றினார். பாராட்டு வரவில்லை; அவரைப் பணியிலிருந்து நிறுத்த வேண்டும் என்ற குரல்தான் எழுந்தது. 1985இல் எரிக் மூஹே பித்தப்பையை இம்முறையில் எடுத்தார். மறு ஆண்டு மாநாட்டில் அதை எடுத்துரைத்தபோது ஏளனமே மிஞ்சியது. 1987இல் பிரான்சின் மூரே அதைச் செய்தபின் உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. 1992இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் சங்கம் மூஹேவுக்கு விருது அளித்தது.

சந்தேகப்பட்டது தவறில்லை. நோயாளியின் உயிர் அது. இன்றும் துளை வழி இயலாதபோது மருத்துவர்கள் வயிற்றைத் திறக்கவே செய்கிறார்கள். பார்க்காமலேயே மறுத்ததுதான் தவறு.

இதைப் படித்தபோது எனக்கு ஒரு மாணவி நினைவுக்கு வந்தாள். லென்ஸ் கணக்குக்குச் சூத்திரம் எழுதாமல், வரைபடத்தாளில் அளவெடுத்துக் கதிர்ப்படம் வரைந்து விடை கண்டிருந்தாள். விடை சரி. “பாடநூல் முறை இல்லை” என்று சுழியம் போட்டேன். அந்த ஆண்டு முழுவதும் அவள் வகுப்பில் கை உயர்த்தவில்லை. அப்போது நான் அதைக் கவனிக்கவும் இல்லை. மூஹேவுக்கு ஏழு ஆண்டில் விருது கிடைத்தது. அந்தப் பிள்ளைக்கு நான் இன்னும் ஒரு மதிப்பெண்கூடத் திருப்பித் தரவில்லை.

எதிர்காலம் தொடங்கிவிட்டது. 2001இல் நியூயார்க்கில் அமர்ந்திருந்த மருத்துவர்கள், பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் இருந்த பெண்ணின் பித்தப்பையை ரோபோ கைகளால் அகற்றினார்கள். 2022இல் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனைக்கும் ரோபோ வந்துவிட்டது. ரோபோ தானாக எதையும் முடிவு செய்வதில்லை. மருத்துவரின் கையசைவை நுனிக்குக் கொண்டுபோகிறது, நடுக்கத்தை வடிகட்டுகிறது. நாளை அதன் முன் அமரப்போகிறவர் இன்று நம் கடைசி பெஞ்சில் இருக்கலாம்.

அடுத்த முறை விடைத்தாளில் புதிய வழி ஒன்றைக் கண்டால், சிவப்பு மையை ஒரு நிமிடம் மூடி வையுங்கள். “இதை எப்படிச் செய்தாய்?” என்று அந்தக் குழந்தையைக் கூப்பிட்டுக் கேளுங்கள். நான் இப்போது கேட்கிறேன்.