காட்டில் ஒரு காய்ச்சல்

2025 ஒக்டோபரில் மறைந்த ஜேன் குடால், சிம்பன்சிகளைப் பற்றி 1971இல் எழுதிய 'இன் த ஷடோ ஒஃப் மான்' என்ற நூலை வாசிப்போர் விலங்குகளையே தேடுவர். அந்நூலில் வரும் ஒரு காய்ச்சலைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

1960 யூலையில், இன்றைய தன்சானியாவிலுள்ள கொம்பே காட்டுக்கு அவர் சென்றபோது வயது 26. பெண்ணொருத்தி தனியே தங்க அதிகாரிகள் இணங்காமையால் தாயாரும் உடன் சென்றார். மகள் விடியற்காலையில் மலையேறுவார். தாயாரோ ஏரிக்கரை மீனவர்களுக்கு ஆஸ்பிரின் முதலிய எளிய மருந்துகளைக் கொடுப்பார். காற்புண்களுக்கு உப்புநீரைச் சொட்டவிட்டு ஆற்றுவார்.

சில மாதங்களில் இருவரையும் ஒருங்கே மலேரியா பிடித்தது. அங்கு மலேரியா இல்லையென வைத்தியர் ஒருவர் சொல்லியிருந்ததால் அதற்கான குளிசை கைவசம் இல்லை. ஏறத்தாழ இரண்டு வாரம் ஒரே கூடாரத்தில் அருகருகே கிடந்தனர். தாயாரின் காய்ச்சல் 105 பாகை வரை ஏறியது.

நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிருந்து பணிபுரிவோன் என மருத்துவத்துக்கு நான்கு கூறுகள் வகுத்தார் வள்ளுவர். அக்கூடாரத்தில் மருத்துவனும் இல்லை, மருந்தும் இல்லை. ஊராருக்கு மருந்து கொடுத்த தாயாரே மருந்தின்றிக் கிடந்தார்.

காய்ச்சல் விட்டதும், உடல் தேறுமுன்னரே, மகள் தனியே ஓர் உச்சிக்கு ஏறினார். அங்கிருந்து சிம்பன்சிகளைக் கண்டார். பின்னர் அவ்வுச்சியில் ஒரு தகரப்பெட்டியில் கேத்தல், கோப்பி, போர்வை எல்லாம் வைத்துக்கொண்டார். சிம்பன்சி புல்லீர்க்கைக் கருவியாக்கிக் கறையான் பிடித்து உண்பதை அவ்வாண்டு நவம்பரிலேயே கண்டார்.

உலகம் இக்கண்டுபிடிப்பைப் போற்றியது. எனக்கோ தாயாரின் மருந்துப்பெட்டியும் அதற்கு நிகராகவே தோன்றுகிறது. புதிதாய் வந்த இவ்வெள்ளையரை அயலார் ஐயத்தோடு நோக்கிய காலத்தில், நல்லெண்ணத்தைத் தேடித்தந்தது அப்பெட்டிதான். அயலாரின் நல்லெண்ணமின்றி எந்தக் காட்டையும் காத்தல் அரிது.

நோயின் கதை அத்தோடு முடியவில்லை. 1966இல் அம்மாவட்டத்து மக்களிடையே போலியோ பரவிய வேளையில், கொம்பேயின் சிம்பன்சிகள் சிலவும் கைகால் முடங்கின, சில இறந்தன. ஆய்வாளர்கள் வாழைப்பழத்துள் தடுப்பு மருந்தை வைத்துக் கொடுத்தனர். மனிதனுக்கு உரிய மருந்தே விலங்குக்கும் உதவியது.

ஆகவே, காட்டைக் காக்கப் புறப்படுவோர் கரையோரக் குடிசையின் நோயையும் தம் கணக்கிற் சேர்க்க வேண்டும். அந்தத் தாயார் எவரும் பணிக்காமலே அதைச் செய்தார்.