சந்தேகிக்கக் கற்ற இயந்திரம்



செயற்கை நுண்ணறிவு என்றதும், அது வேலைகளைப் பறித்துவிடுமா, பிள்ளைகளின் படிப்பைக் கெடுத்துவிடுமா என்றே நாம் கேட்கிறோம். அக்கேள்விகள் தேவையானவைதாம். ஆயினும், அவற்றுக்கு முன்னர் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. யார்மீது ஐயம் கொள்ள வேண்டும் என்று அந்த இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பவர் யார்?

சீனாவில் உய்குர் முஸ்லிம்கள் வாழும் ஷின்ஜியாங் பகுதியைப் பாருங்கள். அங்கே காவல்துறை பயன்படுத்திய கைப்பேசிச் செயலி ஒன்றை ஆராய்ந்து, ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2019 மே மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. கேமராக்கள், சோதனைச் சாவடிகள், காவலர்களின் வீட்டு விசாரணைகள் ஆகியவற்றிலிருந்து திரளும் தகவல்கள் அனைத்தும் ஒரே கணினி அமைப்பில் வந்து சேர்கின்றன. விசாரிக்கப்பட வேண்டியவர் இன்னார் என்று அது காவலருக்குச் சொல்கிறது. எதற்காகத் தெரியுமா? வீட்டில் வழக்கத்துக்கு மாறாக மின்சாரம் செலவானால்; முன்வாசலைத் தவிர்த்துப் பின்வாசல் வழியாகச் சென்றால்; அண்டை வீட்டாருடன் பழகாதிருந்தால்; பள்ளிவாசலுக்காக ஆர்வத்துடன் நன்கொடை திரட்டினால்! ரசீதுப் புத்தகத்தை ஏந்தி வீடு வீடாக நடக்கும் நம் மஹல்லாவின் பெரியவரை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். அப்படிச் சுட்டப்பட்டவர்களுள் சிலர் தடுப்பு முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர். பயங்கரவாதத்தைத் தடுக்கவே இவை என்கிறது சீன அரசு.

பிறரைத் துருவித் துருவி ஆராய்வதை ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் தடுத்துள்ளது. அங்கோ, அதுவே அரசின் அன்றாடத் தொழிலாகிவிட்டது. இயந்திரத்துக்கு மார்க்கமும் தெரியாது, பகையும் தெரியாது. நன்கொடையை ஐயத்தின் அடையாளமாக எழுதி வைத்தது ஓர் ஆட்சியின் சித்தாந்தமே.

அப்படியானால் எதிர்முகாம் நமக்குத் துணையா? ஷின்ஜியாங் ஒடுக்குமுறையைக் காரணம் காட்டி, 2019 அக்டோபரில் ஹைக்விஷன், சென்ஸ்டைம் உள்ளிட்ட சீன நிறுவனங்களுக்கு அமெரிக்கா வணிகத் தடை விதித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால், 2022 அக்டோபரில் உயர்திறன் சிப்புகள் சீனாவுக்குச் செல்வதைத் தடுத்தபோது, அது முன்வைத்த முதன்மைக் காரணம் தன் தேசப் பாதுகாப்பு. 2030க்குள் இத்துறையில் உலகின் முன்னணி நாடாவதென்று 2017இலேயே சீனா திட்டம் வகுத்திருந்தது. இந்தப் பந்தயத்தில் உய்குர்களின் கண்ணீர் தேவைப்படும்போது மட்டுமே எடுத்துக் காட்டப்படுகிறது என்றே நான் கருதுகிறேன். ஆயுதங்களுக்காகச் செயற்கை நுண்ணறிவை உருவாக்க மாட்டோம் என்று 2018இல் கூகுள் அளித்த உறுதிமொழியும் 2025 பிப்ரவரியில் அதன் கொள்கையிலிருந்து நீக்கப்பட்டுவிட்டது.

விடை சொல்லும் இயந்திரங்களின் நிலையும் இதுவே. அவற்றின் சொற்கள் சோசலிச விழுமியங்களுக்கு இசைய வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த சீன விதிகள் கூறுகின்றன. அரசு வாங்கும் இயந்திரங்களில் கருத்துச் சாய்வு கூடாது என்கிறது 2025 ஜூலையில் அமெரிக்க அதிபர் ட்ரம்ப் பிறப்பித்த ஆணை. எது சாய்வு என்பதற்கு எடுத்துக்காட்டையும் அதுவே தந்துவிடுகிறது!

பெற்றோர்களே! உய்குர்கள் யார் என்று உங்கள் பிள்ளை கேட்டால், சீனாவில் உருவான இயந்திரத்திடமும் அமெரிக்காவில் உருவானதிடமும் அதே கேள்வியைக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு விடைகளையும் அருகருகே வைத்து, நீங்களும் உடனமர்ந்து படியுங்கள்.