தொண்டும் தோழமையும்



உடற்குறையுடைய சிறுவர்க்காகக் கோடை விடுமுறையில் நடத்தப்பெறும் முகாம்களில் தொண்டாற்ற விரும்பும் இளைஞர் உங்களுள் பலர் இருக்கக்கூடும். அவர்கட்குச் சில சொற்கள் கூற விரும்புகின்றேன். கூறும் தகுதி எனக்கு எங்ஙனம் வந்தது எனின், நான் செய்த தவறு ஒன்றினால் வந்தது என்பேன்.

பழவேற்காடு ஏரியை நீங்கள் அறிவீர்கள். ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும் பரந்து கிடக்கும் அவ்வுவர்நீர்ப் பரப்பு, இந்தியாவில் சிலிகா ஏரிக்கு அடுத்த பெரிய காயலாகும். அதன் கரையிலுள்ள மீனவர் சிற்றூர் ஒன்றில் 1987-ஆம் ஆண்டு இளம் ஆசிரியனாய் இருந்தேன். இளம்பிள்ளை வாதத்தால் இரு கால்களும் சூம்பிய மாணவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். குளிர்காலத்தில் ஒரு நாள், பூநாரைகளைக் காட்டப் பிள்ளைகளைப் படகிலேற்றிச் சென்றேன். அவனை மட்டும் கரையில் இருத்தி, ஏனையோர் செருப்புகளைக் காக்கும் பொறுப்பை அளித்தேன். அவன் துன்புறலாகாது என்பதே என் எண்ணம்.

திரும்பி வந்தபோது, செருப்புகளை இணை இணையாக வரிசைப்படுத்தி வைத்திருந்தான். பிறகு மெல்லச் சொன்னான்: “சார், நான் எங்கப்பாகூடத் தெனமும் படகுல போறேன். தண்ணி எறைக்கிறது நான்தான்.”

நான் அவனைக் கேட்கவில்லை. கேட்டிருப்பின் அறிந்திருப்பேன். வகுப்பில் அதனை அறியாதவன் நான் ஒருவனே!

அவ்வேரி மீனவரிடையே ‘பாடு’ என்றொரு மரபு உண்டு. வலை கட்டும் இடங்கள், முறை வைத்து உரியவர்க்குக் கிடைக்கும். முறை வந்தவன் யாரிடமும் இரப்பதில்லை, தனக்குரியதைப் பெறுகின்றான். அன்று அச்சிறுவனின் முறையை நான் பறித்துக்கொண்டேன். அதனை இரக்கம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

அமெரிக்க நாட்டின் நியூயார்க் மாநிலத்து மலைப்பகுதியில், 1951-இல் ‘ஜெனெட் முகாம்’ என்பதொன்று தோன்றியது. உடற்குறையுடைய சிறுவரும் இளைஞரும் கோடையில் அங்கே கூடினர். ஆடினர், பாடினர், சண்டையும் இட்டனர். தொண்டரிற் சிலர் தாமும் சக்கர நாற்காலியில் இருந்தவர்கள். அங்கே வளர்ந்தவர்களுள் ஒருவர் ஜூடித் ஹியூமன் அம்மையார். ஐந்து வயதில், தீ விபத்து நேரின் அவருடைய நாற்காலி இடையூறாகும் என்று கூறிப் பள்ளி அவரைச் சேர்க்க மறுத்தது. பின்னாளில் ஆசிரியர் உரிமமும் மறுக்கப்படவே, 1970-இல் வழக்குத் தொடுத்து வென்றார். 1977-இல் சான்பிரான்சிஸ்கோ நகரில், உரிமை விதிகளில் கையொப்பம் இடுவிப்பதற்காக அரசு அலுவலகத்தினுள் ஏறத்தாழ ஒரு திங்கள் அமர்ந்து போராடியோரை அவர் வழிநடத்தினார். ஜெனெட் முகாமில் பழகிய தோழர் சிலரும் அவருடன் இருந்தனர். கோடை விளையாட்டு அவர்கட்குக் கற்பித்தது யாது? நாமும் பிறரைப் போன்றவரே என்னும் துணிவு அன்றோ!

நம் நாட்டிலும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கல்வியோடு விளையாட்டையும் பொழுதுபோக்கையும் சேர்த்தே பேசுகின்றது. 2022-இல் சென்னை மெரினாக் கடற்கரையில் சக்கர நாற்காலிகள் அலையருகே செல்லுமாறு மரப்பாதை அமைந்தது. ஒரு திங்களுக்குள் மாண்டஸ் புயல் அதனைச் சிதைத்தது, மீண்டும் சீர்செய்தனர். நல்ல செயலை ஒருமுறை செய்துவிட்டால் போதாது என்பதற்கு இதுவே சான்று.

ஆதலின், தொண்டர்களே, முதலில் கேளுங்கள். நாற்காலியைக் கேளாமல் தள்ளுவது ஒருவர் தோளைப் பிடித்துத் தள்ளுவதை ஒக்கும். உயரத்தில் நின்று பேசாது, சற்றே அமர்ந்து முகம் நோக்கிப் பேசுங்கள். மூளை முடக்குவாதம் உடைய பிள்ளை சொல்லைத் தேடிக்கொண்டிருக்கையில், அதனை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். தண்டுவடக் குறையுடையார் சிலர்க்குக் கால்களில் உணர்ச்சி இராது. கோடை மணல் சுட்டுப் புண்ணாக்கினும் அவர்கள் அறியார். அங்கே உங்கள் கண்ணே காவலாதல் வேண்டும். உண்ணும்போது நிமிர்ந்து அமரச் செய்யுங்கள். நீரில் இறங்குமுன் மிதவைச் சட்டை அணிவியுங்கள். இவை பயின்றே பெறவேண்டிய அறிவு. அன்பு மட்டும் போதாது.

ஓய்வு பெற்றபின், ஒரு கோடையில், இத்தகைய பிள்ளைகளுடன் நானும் தொண்டனாய் அதே ஏரிக்குச் சென்றேன். படகினருகே ஒரு சிறுமியைத் தூக்கக் கைநீட்டினேன். “வேண்டாம் தாத்தா, பலகைய மட்டும் புடிச்சுக்குங்க” என்றாள். அமர்ந்தவாறே கைகளை ஊன்றி, சிறிது சிறிதாக நகர்ந்து ஏறினாள். கால் மணி நேரம் ஆயிற்று. நான் பொறுமையிழந்ததைக் கண்ட படகுக்காரர், “ஏரி எங்க போயிடப் போவுது சார்? கொழந்த நிதானமா ஏறட்டும்” என்றார்.

பலகையைப் பிடித்தபடி நின்றேன். செருப்புக்குக் காவலிருந்த அச்சிறுவனை எண்ணினேன். 2014-இல் நம் நாடு இளம்பிள்ளை வாதம் அற்ற நாடென அறிவிக்கப்பெற்றது. அவனைப் போல் இனி ஒரு பிள்ளை அந்நோயால் வாடவேண்டுவதில்லை. ஆயின், கரையில் நிறுத்தப்படும் பிள்ளைகள் இன்னும் உளர். அவர்கள் முறை வரும்போது, பலகையைப் பிடித்து நிற்கும் கைகள் உங்களுடையவாகுக.