ஆளுக்கொரு காதில் குறிஞ்சி மலர்



டயாலிசிஸ் என்றால் பெரும்பாலும் வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் போலப் படுத்திருக்க வேண்டும். ஊசி ஏற்றிய கையை அசைக்கக் கூடாது. மற்றக் கையால் புத்தகத்தைப் பிடித்துப் பக்கம் புரட்டுவது பெரும்பாடு. தொடர்கதை படித்தே வளர்ந்த என் அம்மாவை, நோயைவிட இப்படிச் சும்மா கிடப்பதுதான் அதிகம் வாட்டியது.

நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ ஒலிநூலைச் செல்பேசியில் போட்டேன். இயர்போனில் ஒன்று அம்மாவின் காதில், இன்னொன்று என் காதில். மற்றக் காது திறந்தே இருக்கும். இயந்திரம் சத்தம் கொடுத்தால் தெரிய வேண்டுமே.

அம்மாவோடு காதல் கதை கேட்க எனக்குக் கூச்சம். கதையின் நாயகன் அரவிந்தனும் நாயகி பூரணியும் மனம்விட்டுப் பேசும்போது நான் விட்டத்தைப் பார்ப்பேன். அம்மாவுக்கு அந்தத் தயக்கமே இல்லை. ‘கல்கி’யில் மணிவண்ணன் என்ற புனைபெயரில் நா.பா. எழுதிய தொடர் அது. தாத்தா கிழித்துத் தைத்து வைத்திருந்த பைண்டில் அம்மா பள்ளிநாளிலேயே படித்துவிட்டாராம். அந்தக் காலத்தில் பிள்ளைகளுக்கு அரவிந்தன், பூரணி என்று ஆசையாகப் பெயர் வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

அம்மா கண் அயர்ந்தால் நிறுத்திவிடுவேன். அவரை விட்டு நான் மட்டும் கேட்டதில்லை. உங்கள் வீட்டிலும் யாராவது இப்படிப் படுத்திருந்தால், கதையைப் போட்டுக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். கூடவே உட்கார்ந்து கேளுங்கள். தந்தையை இழந்து தம்பி தங்கையரைக் கரையேற்றப் பாடுபடும் பூரணியைப் பற்றிப் பேசப் பேச, அம்மா தன் கல்யாணத்துக்கு முந்தைய கதைகளையெல்லாம் சொன்னார். எதையும் நான் அதுவரை கேட்டதில்லை.

கடைசிப் பகுதி நெருங்க நெருங்க எனக்குப் பயம் வந்தது. அரவிந்தன் இறந்துவிடுவான். வேறு கதைக்கு மாற்றட்டுமா என்றேன்.

“முடிவு தெரியாமலா கேக்குறேன்? போடுடி” என்றார்.

கேட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் அழுதார். பிறகு, “பூரணி சமாளிச்சுக்குவா. உங்கப்பாவுக்கு சிலிண்டர் பதியக்கூடத் தெரியாதே” என்றார்.

அம்மா இல்லாத வீட்டைப் பற்றி நாங்கள் அதுவரை வாய் திறந்ததே இல்லை. அப்பாவின் மாத்திரைகள், வங்கிக் கணக்கு, நகை யார் யாருக்கு என்று ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல, மருத்துவச் சீட்டின் பின்புறத்திலேயே எழுதிக்கொண்டேன்.