சுவிட்சு யார் கையில்?

(மின்வாரிய அலுவலகம் முன்பு நடந்த ஆர்ப்பாட்டத்தில் ஆற்றிய உரை)



முன்னெல்லாம் ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்டு வந்தால், டார்ச் லைட்டோடு கிணற்றுமேட்டுக்கு ஓடுவோம். இன்றைக்கு நம்மில் பலர் ஸ்டார்ட்டரோடு சிம் கார்டு பெட்டியை மாட்டி, வீட்டிலிருந்தே செல்போனில் மோட்டார் போடுகிறோம். ஒரு பேஸ் போனாலும், கிணறு வற்றினாலும் அந்தப் பெட்டியே மோட்டாரை நிறுத்தி, காயில் கருகாமல் காப்பாற்றுகிறது. நல்ல கருவிதான். கம்ப்யூட்டருக்கு நாம் விரோதி இல்லை. ஏனென்றால் அந்த சுவிட்சு நம்ம கையில் இருக்கிறது.

ஸ்மார்ட் மீட்டரும் அதே வகைக் கருவிதான். ஆனால் அதன் சுவிட்சு யார் கையில்? பழைய மீட்டர் கணக்கு மட்டும்தான் காட்டும். இது ஓடுகிற கரண்டை அளந்து தூரத்து கம்ப்யூட்டருக்கு அனுப்பும். அங்கிருந்து உத்தரவு வந்தால் உள்ளே இருக்கிற சுவிட்சு தானே விழும். பியூஸ் பிடுங்க ஆள் வர மாட்டார். நின்று நியாயம் கேட்கவும் ஆள் இருக்காது. ப்ரீபெய்டு என்றால் பணம் தீர்ந்ததும் கரண்டு கட். பயிர் வாடுகிறது என்று அதுக்குத் தெரியுமா?

2021-இல் மத்திய அரசு கொண்டுவந்த மின் விநியோகத் திட்டத்தில், ப்ரீபெய்டு மீட்டரிலிருந்து விவசாய இணைப்புக்கு விலக்கு உண்டு. மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தின வருஷமே, ஆந்திராவில் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து பம்புசெட்டுகளில் மீட்டர் மாட்டி சோதனை ஆரம்பித்தார்கள். மாநிலம் கூடுதல் கடன் வாங்க மத்திய அரசு போட்ட நிபந்தனைகளில் மின்துறை சீர்திருத்தமும் ஒன்று. இன்றைக்குக் கொடுத்த விலக்கை நாளைக்கு எடுக்க எவ்வளவு நேரமாகும்?

2022 போரில், உக்ரைனின் மெலிடோபோல் நகரத்து டீலரிடம் கொள்ளையடித்த டிராக்டர்களும் அறுவடை இயந்திரங்களும் செச்னியா போய்ச் சேர்ந்தன. அங்கே ஓட்டிப் பார்த்தால் ஓடவில்லை. தூரத்திலிருந்தே பூட்டிவிட்டார்கள்! அன்றைக்கு மாட்டியவன் திருடன். அதே பூட்டு தவணை தவறிய விவசாயி மேல் விழுந்தால்?

யூனிட்டுக்கு ஒரு பைசா குறைக்கச் சொன்னதற்கு, 1970 ஜூன் 19-இல் பெருமாநல்லூரில் மூன்று பேர் துப்பாக்கிக் குண்டுக்குப் பலியானார்கள். அப்படிப் போராடிப் பெற்றதுதான் 1990-இல் எல்லா விவசாயிக்கும் வந்த இலவச மின்சாரம். அதை ஒரு பெட்டிக்குள் பூட்ட விடலாமா?

நமது கோரிக்கைகள்:

1. துண்டிக்கும் சுவிட்சு உள்ள மீட்டரை பம்புசெட்டில் மாட்டாதே! விலக்கைச் சட்டத்திலேயே எழுது!

2. கணக்கு வேண்டுமானால் டிரான்ஸ்பார்மரில் எடு!

3. எடுக்கிற கணக்கை ஊருக்குக் காட்டு!

கிணறு நம்முடையது, மோட்டார் நம்முடையது. சுவிட்சும் நம்ம கையில்தான் இருக்க வேண்டும். ஒன்றுபடுவோம்! போராடுவோம்! வெற்றி பெறுவோம்!