ஊரைக் காக்கும் கைகள்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவில் இலக்கியம் பேசுவது மரபு. நான் எடுத்துக்கொண்ட பொருளோ குழாயும் கால்வாயும், மதகும் சாக்கடையும். இவை இம்மேடைக்கு ஏற்றவையோ என்று சிலர் ஐயுறலாம். திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார் என்பதை நினைவிற்கொண்டால் அவ்வையம் நீங்கிவிடும். மழையைக் கடவுளுக்கு அடுத்த இடத்தில் வைத்துப் போற்றிய மொழிக்குரியவர்கள் நாம். அம்மழைநீரை நம் வீட்டு வாயில்வரை கொண்டுவந்து தரும் மனிதரை நாம் எந்த இடத்தில் வைத்திருக்கிறோம்? இதுவே இன்று உங்கள்முன் நான் வைக்க விரும்பும் கேள்வி.

நாம் வாழும் இந்நகரைச் சற்று எண்ணிப் பாருங்கள். மதுரைக்கு வையை உண்டு. திருச்சிக்குக் காவிரி உண்டு. நெல்லைக்குப் பொருநை உண்டு. பெங்களூருக்கு அவ்வாறு அருகில் ஓடும் பேராறு இல்லை. கடல்மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில், மேட்டுநிலத்தின் முதுகில் அமர்ந்திருக்கும் ஊர் இது. பெய்யும் மழை பள்ளம் நோக்கி வழிந்தோடிவிடும். ஆதலின் 16-ஆம் நூற்றாண்டில் நகரை அமைத்த கெம்பே கௌடரும் அவர் வழிவந்தோரும் ஏரிகளை அமைப்பதில் கருத்தூன்றினர். ஓர் ஏரி நிரம்பி வழிந்தால் அந்நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும். கன்னடத்தில் ராஜகாலுவே என வழங்கும் பெருங்கால்வாய்கள் அவற்றை ஒன்றோடொன்று தொடுத்தன.

நகரம் பெருகவே ஏரிகள் போதாவாயின. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அர்க்காவதி ஆற்றின் ஹெசரகட்டாவிலிருந்து நீர் வந்தது. 1933-இல் அதே ஆற்றில் திப்பகொண்டனஹள்ளி நீர்த்தேக்கம் எழுந்தது. காவிரியோ இந்நகருக்கு முதலில் ஒளியாகவே வந்தாள். சிவசமுத்திரத்தில் 1902-இல் பிறந்த மின்சாரம் முதலில் கோலார் தங்க வயலுக்குச் சென்று, 1905-இல் பெங்களூர்த் தெருக்களில் விளக்கேற்றியது. அவள் நீராக வருவதற்கு மேலும் ஏறக்குறைய 70 ஆண்டுகள் ஆயின. காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் முதற்கட்டம் 1974-இல் நிறைவேறியது. ஐந்தாம் கட்டம் 2024 அக்டோபரில் தொடங்கி வைக்கப்பெற்றது.

அந்நீர் எவ்வாறு வருகிறது என்பதை நம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லியிருக்கிறோமா? ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, தொரெகாடனஹள்ளி, ஹாரோஹள்ளி, தாதகுணி என்னும் மூன்றிடங்களில் இயந்திரங்கள் இறைத்து இறைத்து, ஏறக்குறைய 500 மீட்டர் உயரத்திற்கு அதனை ஏற்றுகின்றன. திருச்சி மலைக்கோட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக ஆறு முறை அடுக்கினால் எவ்வளவு உயரமோ அவ்வளவு உயரம் ஏறித்தான் ஒவ்வொரு குடம் நீரும் நம் சமையலறைக்கு வருகிறது. இரவென்றும் பகலென்றும் விழாவென்றும் பாராமல் அவ்வியந்திரங்களின் அருகே ஒருவர் விழித்திருத்தல் வேண்டும். நம் தெருவின் அடைப்பான்களை முறைவைத்துத் திறந்து மூடுவதற்கு வேறொருவர் நடக்க வேண்டும். குழாய் வெடித்த இடத்தில் சேற்றில் இறங்குவதற்கு இன்னும் சிலர் வேண்டும்.

இவர்கள் பணி தடைப்படும்போதுதான் அதன் அருமை நமக்குத் தெரிகிறது. 2022 செப்டம்பர்த் தொடக்கத்தில் நிகழ்ந்ததை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். பெருமழையால் வெளிவட்டச் சாலைப் பகுதி வெள்ளக்காடாயிற்று. பெருநிறுவனங்களின் ஊழியர்கள் படகிலும் டிராக்டரிலும் சென்றனர். அதே நாட்களில் தொரெகாடனஹள்ளி இறைப்பு நிலையத்திற்குள் வெள்ளம் புகுந்து இயந்திரங்கள் மூழ்கின. தெருவில் வெள்ளம், குழாயில் நீரில்லை! வெள்ளத்தை வெளியேற்றி, இயந்திரங்களை உலர்த்திப் பழுதுபார்த்து மீண்டும் ஓடச் செய்த தொழிலாளருள் ஒருவர் பெயரையேனும் நம்மில் எவரும் அறியோம்.

அன்பர்களே, ஒன்றைக் கட்டுவது வேறு. கட்டியதைக் காப்பது வேறு. கட்டுவதற்கு அடிக்கல் நாட்டு விழா உண்டு. திறப்பு விழா உண்டு. கல்லில் பெயர் பொறிப்பதும் உண்டு. காப்பதற்கோ விழா இல்லை, கல்வெட்டும் இல்லை. அப்பணி செவ்வனே நடந்தால் எதுவும் நிகழாது. எதுவும் நிகழாத நாளை எவர் கொண்டாடுவார்? ஆகவேதான் வரவு செலவுத் திட்டத்தில் பணம் குறையும்போது முதலில் வெட்டுப்படுவது பராமரிப்பாக இருக்கிறது.

நம் முன்னோர் இவ்வாறு எண்ணவில்லை. பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் குடவோலை முறைக்காகப் புகழ்பெற்றவை. அம்முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் அறுவர் ஏரி வாரியத்தார். ஏரியைக் காப்பதற்கென்றே ஊர் தனியே ஆள் தேர்ந்தெடுத்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஏரியில் தூர்வாருவதற்கென்று நிலமும் பொன்னும் அறமாக வைத்த செய்திகளையும் நம் கல்வெட்டுகள் கூறுகின்றன. தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் நீர்க்கட்டி என்றும், கன்னட நாட்டில் நீருகண்டி என்றும் வழங்கப்பட்டவர் மதகைத் திறந்து மூடி, வயல்தோறும் நீரைப் பங்கிட்டுத் தந்தார். அறுவடையில் அவருக்கென்று ஒரு பங்கு இருந்தது. பெயரிலும் தொழிலிலும் இரு நாட்டுக்கும் இவ்வொற்றுமை இருப்பது நாம் எண்ணி மகிழத்தக்கது.

மேலைநாட்டிலும் இவ்வுணர்வு இருந்தது. கி.பி. 97-இல் உரோமாபுரியின் நீர்வழிகளுக்குத் தலைவராக அமர்ந்த பிரண்டினஸ் என்பார், தம் பணியைப் பற்றி ஒரு நூலே எழுதினார். நீர்வழிகளைக் காக்க 700 ஆட்கள் இருந்தனர் என்று அதில் கணக்குக் காட்டுகிறார். அவர்கள் அடிமைகள், அவர்களுக்குப் பெயரில்லை. எனினும் அவர்கள் இன்றி அந்நகரம் இல்லை என்பதை அத்தலைவர் அறிந்திருந்தார்.

காவலரை இழந்த ஏரியின் கதியை இந்நகரிலேயே காணலாம். குழாய்நீர் வந்தபின், ஏரிநீர் எவர்க்கும் வேண்டாததாயிற்று; கரையைக் காப்பாரும் இலராயினர். தர்மாம்புதி ஏரி இருந்த இடம் இன்று மெஜஸ்டிக் பேருந்து நிலையம். சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கம் ஆயிற்று. எஞ்சியவற்றுள் பெரியதாகிய பெள்ளந்தூர் ஏரி, கழிவுநீர் கலந்து நுரை பொங்கி, 2017-இலும் 2018-இலும் தீப்பற்றி எரிந்தது. நீர் தீப்பற்றியது என்பதைவிட ஓர் ஊருக்குப் பெரிய எச்சரிக்கை ஏது? 2024-ஆம் ஆண்டுக் கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வறண்டன. குடிநீரில் வண்டி கழுவியவருக்கு 5,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. மழைநீரைத் தாங்கி நிலத்தடிக்கு அனுப்பிய ஏரிகள் பல இல்லாதுபோனதும் அவ்வறட்சிக்கு ஒரு காரணமாகும்.

இனி, துப்புரவுப் பணி செய்வோரைப் பற்றிக் கூற வேண்டும். கன்னட நாடு அவர்களுக்குப் பௌரகார்மிகர் என்று நல்லதொரு பெயர் சூட்டியது. பெயருக்கேற்ற வாழ்வு நெடுங்காலம் கிட்டவில்லை. ஒப்பந்தக்காரரின்கீழ் உழன்று, உரிய ஊதியம் உரிய நாளில் பெறாமல் தவித்தனர். 2022 ஜூலையில் அவர்கள் துடைப்பத்தைக் கீழே வைத்துப் போராடிய பின்னரே பணி நிரந்தரத்திற்கு அரசு இசைந்தது. 2025 மே நாளன்று இந்நகரில் 12,000-க்கு மேற்பட்டோர் நிரந்தரப் பணியாணை பெற்றனர். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்பட்டு, நாம் கண்விழிக்குமுன் நம் தெருவைப் பெருக்கும் தாய்மார்கள் அவர்கள்.

இதனினும் துயரமானது சாக்கடைக்குழிக்குள் மனிதனை இறக்கும் கொடுமை. 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவ்வாறு உயிரிழந்தோர் குடும்பத்திற்கு 10 இலட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023-இல் அத்தொகையை 30 இலட்சமாக உயர்த்தியது. எனினும் சாவுகள் நின்றபாடில்லை. தமிழர் ஆயிரக்கணக்கில் வியர்வை சிந்திய கோலார் தங்க வயலில், துப்புரவுத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்த பெசவாடா வில்சன், இக்கொடுமையை எதிர்த்துத் தம் வாழ்நாளை அளித்தார். 2016-இல் மகசேசே விருது பெற்றார். பிறப்பினால் ஒருவர்மேல் ஒரு தொழிலைச் சுமத்திவிட்டு, அத்தொழிலைச் செய்வதற்காகவே அவரை இழிவாக எண்ணும் வழக்கம் நம் சமுதாயத்தின் நோய். சட்டம் மட்டும் இந்நோய்க்கு மருந்தாகாது. நம் உள்ளம் மாற வேண்டும்.

இந்நகரில் வாழும் தமிழராகிய நமக்கு இதில் தனியானதொரு பொறுப்பும் உண்டு. காவிரியின் பெயரால் 1991-இலும் 2016-இலும் இங்கு நேர்ந்தவற்றை நம்மில் மூத்தோர் அறிவர். 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், பெங்களூரின் குடிநீருக்கென்று 4.75 டி.எம்.சி. நீர் கூடுதலாக ஒதுக்கப்பட்டது. நாம் அருந்துவது அந்நீரையே. தஞ்சைத் தரணியில் நமக்கு உறவினர் இருக்கலாம். மாண்டியாவில் நண்பர் இருக்கலாம். இருவர் வயலுக்கும் உரிய ஆற்றிலிருந்து வரும் நீர், நகரின் பழங்குழாய்களில் கசிந்து வீணாகுமானால் இழப்பு இரு சாராருக்கும் அன்றோ? கசிவை அடைக்கும் தொழிலாளி எம்மொழி பேசினும், அவன் கையிலுள்ள கருவி இரு மாநிலங்களுக்கும் தொண்டு செய்கிறது. சண்டையில் செலவாகும் ஆற்றலில் ஒரு பகுதியைக் குழாயைச் செப்பனிடுவதில் செலுத்தினால் இருவர்க்கும் நலமாகும்.

நாம் செய்யத்தக்கவை யாவை? சிலவற்றைச் சொல்லி அமைகிறேன். குப்பையை ஈரக்குப்பை, உலர்குப்பை எனப் பிரித்துக் கொடுங்கள். உடைந்த கண்ணாடியைத் தனியே பொதிந்து கொடுங்கள். அது ஒரு தாயின் கையைக் காக்கும். உங்கள் அடுக்ககத்தின் கழிவுநீர்த் தொட்டியில் எக்காரணத்தாலும் மனிதரை இறக்க இசையாதீர்கள். இயந்திரத்திற்கு ஆகும் செலவைப் பங்கிட்டுக் கொள்ளுங்கள். வரியை நாளில் செலுத்துங்கள். செலுத்திய உரிமையோடு, பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று கேளுங்கள். உங்கள் தெருவில் நீர் திறப்பவர், மின்கம்பம் ஏறுபவர், பெருக்குபவர் ஆகியோரின் பெயரைக் கேட்டறிந்து, அப்பெயரிட்டு மதிப்போடு அழையுங்கள். ‘அம்மா’ என்றும் ‘ஐயா’ என்றும் விளிக்கும் பண்பு நம் மொழியில் இருக்க, ‘ஏய்’ என்று கூவுவது நமக்கு அழகன்று.

நம் சங்கத்திற்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் இவ்விழாவில் புலவர்க்கும் கலைஞர்க்கும் பொன்னாடை போர்த்துகிறோம். அடுத்த ஆண்டு முதல் இப்பகுதியின் பொதுப்பணித் தொழிலாளர் ஒருவரையும், அவர் எம்மொழியினராயினும், மேடைக்கு அழைத்துச் சிறப்பியுங்கள். அவர்தம் பிள்ளைகளின் கல்விக்குச் சங்கத்தின் சார்பில் ஒரு சிறு நிதி அமையட்டும். அப்பிள்ளைகள் துடைப்பம் ஏந்துவதா, பொறியியல் நூல் ஏந்துவதா என்பதை அவர்களே தேர்ந்தெடுக்கும் நிலை வரவேண்டும்.

ஏரி வாரியத்தாரைத் தேர்ந்தெடுத்த ஊரின் வழிவந்தோர் நாம். ஊரைக் கட்டியவரை வணங்குவோம். ஊரைக் காப்பவரையும் உடன் வைத்து வணங்குவோம்.